துலா மிதித்தவர் பாடினாரா?

கோண்டாவில் தோட்டக்காரன்:
நேற்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. வேலையையும் வாழ்க்கையையும் எப்படிச் சமன் செய்வது என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். தூக்கத்தை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டேன். கடைசியில், உங்கள் பாட்டன்மார் கிணற்றடியில் துலா மரத்தில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டே பாடினார்கள், வேலையே அவர்களுக்குக் கொண்டாட்டம் என்றாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். விடியப்புறம் நான்கு மணிக்குத் துலாவில் ஏறுவார். மேலே மிதிக்கிறவருக்கு மூச்சு விடவே நேரமில்லை, பாட்டு எங்கே வரும்? பாடியது கீழே பட்டை, அதாவது தண்ணீர் இறைக்கும் வாளி, பிடித்தவர். அதுவும் எத்தனை பட்டை இறைத்தோம் என்று கணக்கு வைக்கத்தான்.

கனடாக் குளிர்:
பிழை. மிதித்தவர்தான் பாடினார். உரும்பிராயில் என் அம்மப்பா பாடியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

கோண்டாவில் தோட்டக்காரன்:
நீங்கள் பிறந்தது 1971 என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு விவரம் தெரியும்போது தோட்டமெல்லாம் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிஷின் வந்துவிட்டது. நீங்கள் கேட்டது மிஷின் பாடியதை.

கனடாக் குளிர்:
எல்லாக் கிணற்றுக்கும் ஒரே நாளிலா மிஷின் வந்தது? அம்மப்பாவிடம் காசில்லை, கடைசிவரை துலாதான். ஏசிக்குள் இருந்துகொண்டு தோட்டக்காரன் என்று பெயர் வைத்தவருக்கு இதெல்லாம் தெரியாது. மிதித்தவர்தான் பாடினார்.

பண்ணைக்காற்று:
அண்ணைமார், யார் பாடினால் என்ன? நான் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு மணி. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இன்னும் பிந்தும். ஆனால் பொம்மைக்குச் சாறி கட்டுவது என் வேலை. எந்த நிறத்துக்கு எந்தச் சட்டை, மடிப்பு எப்படி விழவேண்டும், எல்லாம் என் விருப்பம். அந்த அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கால் நோவு அப்போது மட்டும் தெரியாது.

கோண்டாவில் தோட்டக்காரன்:
தங்கச்சி, நான் சொல்வதும் அதுதான். பொம்மைக்கு முன்னால் நின்று பாடலாம். மேல்தட்டில் இருக்கிற சாறிக் கட்டை ஏணியில் நின்று இறக்கும்போது பாடுவீர்களா? மேலே நிற்கிறவர் பாட முடியாது.

பழைய சைக்கிள்:
சுருட்டுக் கொட்டிலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஒருவர் பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா சலூன் நடத்திக்கொண்டே 1966இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். தலைமயிர் வெட்டுகிற இடமே பத்திரிகை நடக்கிற இடமாகவும் இருந்தது. நமக்குக் கொழும்பிலிருந்து ஆள் வந்து படிப்பிக்க வேண்டுமா?

கனடாக் குளிர்:
ஜீவா வேறு, துலா வேறு. பேச்சை மாற்ற வேண்டாம்.

கோண்டாவில் தோட்டக்காரன்:
இதிலாவது குளிரருடன் ஒத்துப்போகலாம் என்று பார்த்தேன். பிறகுதான் போன மாதம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழுக்குப் பலாக்கொட்டை வேண்டாம் என்று எழுதிய ஆள் இவர் என்பது ஞாபகம் வந்தது.

கனடாக் குளிர்:
வேண்டாம் என்று எழுதவில்லை. இல்லாவிட்டாலும் கூழ்தான் என்றேன். இங்கே பலாக்கொட்டை தகரத்தில்தான் வருகிறது. நீங்கள் வந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

பழைய சைக்கிள்:
பலாக்கொட்டை இல்லாமல் கூழா? இதற்குத் தனியாக ஒரு விவாதம் தொடங்க வேண்டும்.

புதியவன்:
ஒரு சின்னக் கேள்வி. சமன் செய்வது என்று எல்லோரும் எதைச் சொல்கிறீர்கள்? வேலை குறைவதையா, வேலை பிடித்துப்போவதையா?

கோண்டாவில் தோட்டக்காரன்:
தம்பி, நீர் துலாவைப் பார்த்திருக்கிறீரா? ஆடுகால் என்ற தூணில் பூட்டிய நீள மரம். அதன்மேல் முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு நடந்தால் ஏறும். ஒரு அடி தவறினால் ஆளும் பட்டையோடு கிணற்றுக்குள். சமன் என்றால் அதுதான், அப்பப்பா ஒவ்வொரு நாளும் விடியவிடியச் செய்தது. அங்கே நின்று யாராவது ராகம் இழுப்பார்களா? கீழே நிற்கிறவருக்கு என்ன, பட்டையைச் சரித்து ஊற்றிவிட்டால் வாய் சும்மாதானே இருக்கிறது.

பண்ணைக்காற்று:
கடை திறக்கப் போகிறேன். நீங்கள் பாடுங்கள்.

கனடாக் குளிர்:
என் சித்தப்பா இன்னும் உரும்பிராயில்தான் இருக்கிறார். இன்றிரவு போன் எடுத்துக் கேட்கிறேன்.

கோண்டாவில் தோட்டக்காரன்:
தாராளமாகக் கேளுங்கள். அவர் மிதித்தவரா, பட்டை பிடித்தவரா?

கனடாக் குளிர்:
மிதித்தவர்.

கோண்டாவில் தோட்டக்காரன்:
அப்படியானால் பாடியிருக்க மாட்டார்.