சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியுமா?

லயத்துமகள்
வணக்கம். நம் சுங்கை சிப்புட் டேவானுக்கு (பொது மண்டபத்துக்கு) ஞாயிற்றுக்கிழமை ஒரு தனியார் லேப் ரத்தம் எடுக்க வருகிறது. 450 வெள்ளி பேக்கேஜ். சர்க்கரை, கொழுப்போடு நாலு கேன்சர் மார்க்கரும் (புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்கள்) பார்ப்பார்களாம், "சிறுநீர்ப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே அறியலாம்" என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. 15 வயதில் பிடித்த சிகரெட்டை இன்னும் விடவில்லை. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு டயர் தொழிற்சாலைக்குப் போய் கலவைப் பிரிவில் 22 வருடம் வேலை செய்தார். பெரியப்பா போன வருடம் இதே நோயில்தான் தவறினார், கண்டுபிடித்தபோது எலும்புக்குப் போயிருந்தது. அதனால் பணம் எனக்குப் பெரிதில்லை. அப்பாவை அழைத்துப் போகலாமா?

பழைய லேப்காரர்
இதற்காகப் போக வேண்டாம் மகளே. 31 வருடம் லேப்பில் இருந்தவன் சொல்கிறேன். அந்த நாலு மார்க்கர் என்று பார்த்தால் பெரும்பாலும் சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125, ஏஎஃப்பி என்றுதான் இருக்கும். ஏஎஃப்பி ஈரலுக்கு, சிஏ 19-9 கணையத்துக்கு, சிஏ 125 பெண்களின் சினைப்பைக்கு, சிஇஏ குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களைத் தொடர்ந்து பார்க்க. சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவு கட்டி இருக்கிறவருக்கும் இவை எல்லாம் நார்மல் என்று வரலாம், அதுதான் ஆபத்தே. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால்கூட "போன வாரம்தானே கேன்சர் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்களே" என்று வீட்டில் இருந்துவிடுவார்.

குமார் ஈப்போ
அந்த நோட்டீசை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி பேசுவது பழைய கதை அண்ணே. கட்டியிலிருந்து உடைந்த டிஎன்ஏ துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன, அதை இப்போது பிடிக்க முடிகிறது. டென்மார்க்கில் 68 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு நோய் திரும்பியவர்களில், ஸ்கேனில் தெரிவதற்குச் சராசரியாக 96 நாள் முன்பே ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்று மாதம் என்பது சின்ன விஷயமா? இன்னொன்றும் சொல்கிறேன். நம் லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆண்களில் எத்தனை பேர் ஸ்கோப்புக்கு, அதாவது சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சம்மதிப்பார்கள்? கையை நீட்டி ரத்தம் கொடு என்றால் கொடுப்பார்கள். ஆள் வராத டெஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

பழைய லேப்காரர்
ஆள் வரமாட்டார்கள் என்று தம்பி சொல்வது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 68 பேரும் நோய் தசைவரை இறங்கியதால் பையையே எடுக்க வேண்டியிருந்தவர்கள். இந்த மகள் கேட்பது ஆரம்பத்தைப் பற்றி. இந்த நோயோடு வருகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு, புதிதாகக் கண்டுபிடிக்கும்போது, கட்டி உள்தோலைத் தாண்டித் தசைக்குள் போயிருக்காது. அந்த நிலையில் அது ரத்தத்தில் விடுகிற டிஎன்ஏ மிகக் குறைவு, பக்கத்தில் நிற்கிற சிறுநீரில்தான் செல்களை உதிர்க்கிறது. ஒரே ரத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடும் அமெரிக்க டெஸ்ட் ஒன்றின் முடிவு 2021இல் வந்தது. நோயின் நாலாம் கட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்தது, முதல் கட்டத்தில் சுமார் 17 பேரைத்தான். எல்லாப் புற்றுநோயையும் சேர்த்த கணக்கு இது. அப்புறம், வயதானவர்களின் ரத்த செல்களே சில மரபணு மாற்றங்களைச் சேர்த்து வைத்திருக்கும், ஒரு மாற்றம் கட்டியிலிருந்து வந்ததா ரத்த செல்களிலிருந்து வந்ததா என்று பிரிப்பதும் லேசான வேலை இல்லை.

இதையே சிறுநீரில் பாருங்கள். ஈரானில், ஆட்கள் ஆரோக்கியமாக இருந்தபோது சேமித்து வைத்த சிறுநீரை எடுத்து, பின்னாளில் நோய் வந்தவர்களிடம் டெர்ட் என்ற மரபணுவின் மாற்றத்தைத் தேடினார்கள். சிலருக்கு நோய் தெரிவதற்கு 10 வருடம் முன்பே இருந்திருக்கிறது.

குமார் ஈப்போ
அந்த ஆய்வை நானும் படித்தேன். பாதிப் பேருக்கு மேல் அதுவும் தவறவிட்டதே, அதை ஏன் சொல்லவில்லை? சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கிற சாதாரணக் குச்சியை எடுத்துக்கொண்டால் கல் இருந்தாலும் கிருமி இருந்தாலும் ரத்தம் என்றுதான் காட்டும். குச்சி நிறம் மாறிய எல்லாரையும் ஸ்கோப்புக்கு அனுப்பினால் ஈப்போவில் எத்தனை மாதம் காத்திருப்பு ஆகும்? அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011இல் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த நோய்க்கான ஸ்கிரீனிங் (முன்கூட்டிய பரிசோதனை) செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ரத்தத்துக்கு ஒரு நியாயம், சிறுநீருக்கு ஒரு நியாயம் என்று பேசக் கூடாது அண்ணே.

பழைய லேப்காரர்
சரி, அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லாத மனிதருக்கு இன்றைக்கு ரத்தமும் சரி சிறுநீரும் சரி, நிரூபணமான ஸ்கிரீனிங் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்து ஒரு தடவை ரத்தம் போனவர் வேறு கணக்கு. அவருக்கு ஸ்கிரீனிங் என்ற பேச்சே இல்லை, காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

மாரியம்மா
நான் இந்த நோய் வந்தவள், அதனால் எழுதுகிறேன். முதலில் சிவப்பாகப் போனது, வலியே இல்லை. கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. இரண்டு மாதத்தில் மறுபடியும். மறுபடியும் மாத்திரை. எட்டு மாதத்தில் நாலு தடவை இப்படி. பெண்பிள்ளை என்றால் தொற்று என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். தானாக நிற்பதால் நாமும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கடைசியில் ஸ்கோப்பில்தான் தெரிந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழந்தைகளுக்குக் காசநோய்க்காகப் போடுகிற அதே பிசிஜி மருந்தை வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் பைக்குள் விட்டார்கள்.

தம்பி, ஸ்கோப்பை இப்படிப் பயமுறுத்தாதே. மரத்துப்போகிற ஜெல் போட்டுத்தான் செய்கிறார்கள், சில நிமிடத்தில் முடிந்தது, ஒன்றிரண்டு நாள் போகும்போது எரிந்தது, அவ்வளவுதான். லயத்துமகள், டெஸ்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அப்பாவிடம் சிவப்பாகப் போனதா என்று வாய்விட்டுக் கேளம்மா.

சிம்பாங் நாலு
ஒரு சந்தேகம். அம்மா 30 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். அவருக்கும் இந்த ஆபத்து உண்டா?

பழைய லேப்காரர்
மரத்தில் பால் வெட்டுவது வேறு, தொழிற்சாலையில் ரப்பரைக் கலந்து சூடாக்கிப் பொருள் செய்வது வேறு. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்துவது இரண்டாவதைத்தான். பீட்டா நாப்தைலமின் கலந்த ரசாயனத்தை பிரிட்டிஷ் ரப்பர் ஆலைகள் 1949இல் கைவிட்டதற்கே தொழிலாளிகளுக்கு இந்த நோய் வந்ததுதான் காரணம். அம்மாவை இதற்காகப் பயமுறுத்த வேண்டாம். டயர் கலவைப் பிரிவில் இருந்தவர், அதோடு சிகரெட்டும் என்றால் கவனிக்க வேண்டும்.

லயத்துமகள்
நேற்று ராத்திரி கேட்டேன். முதலில் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றார். அம்மா வற்புறுத்தியதும் சொன்னார். தீபாவளிக்கு முன் ஒரு தடவை, போன மாதம் ஒரு தடவை, இரண்டு நாள் சிவப்பாகப் போயிருக்கிறது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கின சிவப்பு டிராகன் பழம் என்று நினைத்தாராம். மகளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். எனக்குத் தூக்கமே வரவில்லை.

குமார் ஈப்போ
அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள் அக்கா. அங்கிளுக்கு ஸ்கோப்தான், இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. ரத்த டெஸ்ட் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஸ்கோப்புக்குப் பயந்து ஒளிகிற ஆண்களுக்காகவே அது சீக்கிரம் தேற வேண்டும். ஈப்போவுக்கு வந்தால் நான் காரில் அழைத்துப் போகிறேன், தனிச் செய்தியில் எழுதுங்கள்.

பழைய லேப்காரர்
அந்தப் பழம் சாப்பிட்டாலும் சிவப்பாகப் போகும், உண்மைதான். ஆனால் அதை நாமே முடிவு செய்யக் கூடாது. நாளைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள் மகளே, ஒரு வெள்ளிதான். நாளைக்குக் குச்சியில் ரத்தம் இல்லை என்று வந்தாலும் திரும்பி வந்துவிடாதீர்கள், இந்த நோயில் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு தடவை கண்ணால் பார்த்தது, 50 வருட சிகரெட், கலவைப் பிரிவில் 22 வருடம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்து, ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? எடுத்தால் அதையும் எழுதுங்கள். அதனால்தான் ரத்தம் வந்தது என்று யாராவது சொன்னாலும் ஸ்கோப்பை விடாதீர்கள்.

லயத்துமகள்
இதய மாத்திரை எடுக்கிறார் அங்கிள், பெயர் பார்த்து எழுதிக்கொள்கிறேன். நாளைக்கு லீவு போட்டுவிட்டேன். ஏழு மணிக்கே நம்பர் எடுக்கப் போகிறோம்.