கதை சொன்னால் வேலையிடம் மாறுமா?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை தொடங்கும் முன் காலையில் நடக்கும் சிறு கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பாதுகாப்பு விதிகளை நாள்தோறும் வாசித்தும் யார் மனத்திலும் தங்குவதில்லை. நடந்ததைக் கதையாகச் சொன்னால் பலன் இருக்குமா?

பதில் 1:
நிச்சயம் இருக்கும், தம்பி. சாரத்தில் பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட மறந்து, கால் வழுக்கி, ஒரு கையால் குழாயைப் பற்றித் தொங்கியதை நானே எங்கள் ஆட்களிடம் சொன்னேன். மறுநாள் ஏறும் முன் ஒவ்வொருவரும் கொக்கியை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் மறைத்து வைத்திருந்த தவறுகளைப் பேசத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த கதை வராது என்பதை நிர்வாகம் உணர வேண்டும்.

பதில் 3:
இங்கே வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் மக்களின் அனுபவங்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வருகிறது. உங்கள் மூத்த தொழிலாளர்களின் பேச்சையும், அவர்கள் ஒப்புதலோடு, பதிவு செய்து புதியவர்களுக்குக் கேட்கக் கொடுங்கள்.