அம்மாவின் காலை நேர விரல் இறுக்கம்: என்ன செய்யலாம்?

அம்மாவுக்கு வயது 58, தஞ்சாவூர் பக்கம் கிராமம். 5 மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை. காபி டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 28, யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. டாக்டர் முடக்குவாதம் என்று சொல்லி, அதற்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை தொடங்கி 6 வாரம் ஆகிறது. மாத்திரையை நிறுத்தும் எண்ணம் இல்லை.

அதோடு முடக்கத்தான் தோசை, மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால், அப்புறம் நொச்சி இலை ஒத்தடம். ஒத்தடம் மட்டும் அரை மணி நேரம் இதம் தருகிறது. இனிப்பும் பொரித்ததும் நிறுத்தி ஒரு மாதம்.

இதே மருந்து எடுப்பவர்கள் வீட்டில், எந்த உணவு அல்லது பழக்கம் காலை இறுக்கத்தைக் குறைத்தது?