மாதா மாதம் எல்லாக் குட்டிக்கும் புழு மருந்து ஊற்றலாமா?

புதுப்பட்டி:
என்னுடையது சின்னப் பட்டிதான். 18 செம்மறிக் குட்டிகள், தாய்களோடு ஒரே நிலத்தில் மேய்கின்றன. பால் மறக்கும் பருவம். மாதம் தவறாமல் எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் கொடுக்கிறேன். இருப்பதிலேயே பெரிய குட்டியை எடை போட்டு, அதற்கேற்ற அளவுதான் ஊற்றுகிறேன். இருந்தும் மழை பெய்து புல் தளிர்த்த பிறகு இரண்டு குட்டிகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருக்கிறது. கழிச்சல் இல்லை, புழுக்கை கெட்டியாகத்தான் விழுகிறது. கடைசியாக மருந்து கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டுமா?

கிடைக்காரர்:
கழிச்சல் இல்லாமல் தாடை வீங்கினால் முதலில் ஹீமோன்கஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். நாலாவது இரைப்பையில் இருந்து ரத்தம் குடிக்கும் புழு அது. ஒரு புழுவால் நாளைக்கு சுமார் 0.05 மில்லி ரத்தம் போகும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. பத்துப் பன்னிரண்டு கிலோ குட்டி அதை எத்தனை நாள் தாங்கும்?

தயங்காமல் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். மருந்தை மட்டும் மாற்றுங்கள். இந்த முறை லெவாமிசோல், அடுத்த முறை ஐவர்மெக்டின் என்று சுழற்சியில் போகலாம். கொடுத்த கையோடு மேயாத புது நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். ஆயிரம் ஆடு வைத்திருப்பவருக்கு ஒரு குட்டி போனால் தெரியாது. உங்களுக்கு அப்படியில்லை.

பசும்புல்:
வீங்கிய இரண்டுக்கும் இன்றே வேறு வகை மருந்து தேவை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 'எல்லாவற்றுக்கும் கொடு, உடனே புது நிலத்துக்கு ஓட்டு' என்பதை ஏற்க முடியாது ஐயா. மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டும்தான் அப்போது குட்டிகளின் வயிற்றில் மிச்சம் இருக்கும். புது நிலத்தில் விழும் முட்டை எல்லாம் அவற்றின் முட்டை. ஒரு பெண் ஹீமோன்கஸ் நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டை போடும். சுத்தமான நிலத்தில் மருந்துக்கு அடங்காத புழுவை நாமே விதைப்பதுதான் இது.

ஒரு பட்டியில் எல்லா ஆட்டிலும் புழு ஒரே அளவில் இருப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் கொடுத்தால், மற்ற ஆடுகளிலும் புல்லிலும் மருந்தையே பார்க்காத புழுக்கள் இருக்கும். அவை தப்பிய புழுக்களோடு கலந்து பெருகுவதால் மருந்துக்கு வேலை செய்யும் சக்தி நெடுநாள் இருக்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதைக் கீழ் இமையின் உட்புறம் சொல்லும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் ஐந்து நிறங்கள் உண்டு. 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. 4, 5 என்றால் கட்டாயம் மருந்து. குட்டி என்றால் 3-க்கும் கொடுத்துவிடலாம்.

கிடைக்காரர்:
அட்டையை நானும் பயன்படுத்துகிறேன். இமை வெளுப்பது ரத்தம் போன பிறகுதான். வளர்ந்த ஆட்டுக்கு அந்த இடைவெளி பரவாயில்லை, குட்டிக்கு அது ஆபத்து. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிவிடும். உள்ளே போன மூன்றாம் வாரம் அதுவே முட்டை போடத் தொடங்கும். அடைமழையில் வாரா வாரம் ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து இமையைப் பிதுக்கிப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? மருந்தின் சக்தியைப் பத்து வருடம் காப்பாற்றுவதற்காக இந்த மழைக்குக் குட்டியைப் பலி கொடுக்கச் சொல்கிறீர்கள்.

பசும்புல்:
18 குட்டிதானே? ஓரிடத்தில் அடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சின்னப் பட்டியில்தான் இது சாத்தியம். பலி கொடுக்க நான் சொல்லவில்லை. புதுப்பட்டி சொல்வதைப் பாருங்கள்: அளவு சரி, மாதம் தவறவில்லை, இரண்டு வாரத்துக்குள் தாடை வீக்கம். அந்த மருந்து அங்கே வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கடையில் அதற்குப் பதில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் வாங்காதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

சுழற்சியும் எதிர்ப்பை, அதாவது புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போவதை, தடுக்காது. வேலை செய்யும் இரண்டு வகை மருந்துகளை, ஒவ்வொன்றும் முழு அளவில், ஒரே நாளில் கொடுப்பது அதைவிட நல்லது.

நுண்ணோக்கி:
புழுக்கைப் பரிசோதனை செய்பவன் என்ற முறையில் சில வார்த்தை. இருவரும் ஊகத்தில் வாதாடுகிறீர்கள். மருந்து கொடுக்கும் நாளில் ஒரு மாதிரி, 10 முதல் 14 நாள் கழித்து அதே குட்டிகளிடம் இன்னொரு மாதிரி எடுங்கள். நேராக மலவாயிலிருந்து எடுத்த புழுக்கையாக இருக்கட்டும், தரையில் கிடப்பது வேண்டாம். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொன்று. பால் மறக்கும் குட்டிக்கு ரத்தமாகவோ தண்ணீராகவோ கழிந்தால் அது காக்சிடியாவாக இருக்கலாம். அது புழுவே இல்லை, குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, புழு மருந்துக்கு அசையாது. புழுக்கையில் அரிசி போல ஒட்டிக்கொண்டு வரும் நாடாப்புழுத் துண்டைப் பார்த்துப் பதறி மருந்து கொடுப்பவர்களும் அதிகம். நாடாப்புழுவால் பெரும்பாலும் பெரிய கேடு இல்லை, உயிரைக் குடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதுதான்.

தாய்களை யாருமே கேட்கவில்லையே? ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து முட்டை எண்ணிக்கை எகிறும். குட்டிகள் முதலில் கடிக்கும் புல்லில் இருப்பது அந்தப் புழுக்கள்தான். சினையின் கடைசி வாரங்களில் புரதம் கூட்டிக் கொடுத்தால் அந்த ஏற்றம் குறையும்.

புதுப்பட்டி:
இமை பார்த்துவிட்டேன். வீங்கிய இரண்டும் வெள்ளை, இன்னும் மூன்று வெளிறிய இளஞ்சிவப்பு, மற்றவை நல்ல சிவப்பு. அந்த ஐந்துக்கு மட்டும் லெவாமிசோல் கொடுக்கப் போகிறேன். மாதிரியும் எடுத்து வைக்கிறேன். புல்லை எவ்வளவு உயரத்தில் நிறுத்த வேண்டும்?

பசும்புல்:
இளம்புழுக்கள் பெரும்பாலும் அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். பத்துக்குக் கீழே மேயவிடாதீர்கள். வளர்ந்த மாடு இருந்தால் குட்டிக்கு முன் அதை மேயவிடலாம், அதன் வயிற்றில் இந்தப் புழுக்கள் பெரும்பாலும் பிழைக்காது. லெவாமிசோலில் மட்டும் கவனம்: அளவு மீறினால் தாங்காது, ஐந்தையும் தனித்தனியே எடை போடுங்கள். நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஊற்றுங்கள், தலையை அண்ணாந்து பிடித்தால் புரையேறும். வெள்ளையாக இருக்கும் இரண்டையும் ஓட்டி அலைக்கழிக்காமல் நிழலில் வைத்துத் தீனி கொடுங்கள், கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

கிடைக்காரர்:
புது நிலத்துக்கு உடனே ஓட்டுவது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் மழை உச்சத்தில் இருக்கும்போது வாரம் ஒரு முறை இமை பார்க்க முடியாதவர், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் அனைத்துக்கும் கொடுப்பதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. புதுப்பட்டி, சிவப்பாக இருக்கும் 13 குட்டிகளையும் அடுத்த வாரம் மறுபடி பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது மாதிரியின் எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள், லெவாமிசோலாவது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும்.