வெர்ஷன் குறிப்பிடாத ஸ்னிப்பெட்களை நீக்கிவிடலாமா?

கார்த்தி_பைத்தான்:
நம் நிரலாளர் குழுவின் பொதுக் குறிப்புகளுக்கு ஒரு விதி வேண்டும். எந்த வெர்ஷன், எங்கிருந்து எடுத்தது, என்றைக்கு ஓட்டிப் பார்த்தது, இந்த மூன்றும் இல்லாத ஸ்னிப்பெட்டை, அதாவது எடுத்துப் பயன்படுத்தும் சிறு நிரல் துண்டை, நீக்கிவிடலாம். ஏன் கேட்கிறேன் என்றால், பைத்தான் பகுதியில் ஒரு குறிப்பு கிடக்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வைத்து வேறொரு சர்வரின் ஏபிஐயைக் கூப்பிடும்போது எஸ்எஸ்எல் எரர் (பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்ச் சிக்கல்) வந்தால் 'வெரிஃபை'யை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடு என்று ஒரே வரி. எரர் போய்விடும், உண்மைதான். எதிர்முனையில் இருப்பது நிஜமான சர்வர்தானா என்று பார்க்கும் சோதனையும் கூடவே போய்விடும். அலுவலக உள் சர்வர் என்றால், அதன் சான்றிதழை வழங்கிய சிஏவின் (சான்றிதழ் வழங்கும் அமைப்பின்) ஃபைல் இருக்கும் இடத்தை அதே 'வெரிஃபை'யில் கொடுத்தால் போதும். அதைப் புதிதாகச் சேர்ந்தவருக்கு யார் சொல்வது?

மலர்_டெவ்:
எதிர்க்கிறேன் கார்த்தி. அந்தக் குறிப்பு தப்பு, அதைத் திருத்துவோம். அதற்காக எல்லாவற்றுக்கும் படிவம் வைத்தால் யாரும் எழுத மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பக்கை (நிரல் பிழையை) பிடித்தவர் தூங்கப் போகும் முன் இரண்டு வரி போடுகிறார். அவரிடம் போய் மூன்று கட்டம் நிரப்பு என்றால் அந்த இரண்டு வரியும் வராது.

நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் அவசரப்பட்டு, பழைய நிலைக்குத் திருப்பும் 'ரீசெட் ஹார்ட்' போட்டவருக்கு, "பயப்படாதே, 'ரீஃப்லாக்' (கிட் வைத்திருக்கும் நகர்வுப் பதிவு) பார், கமிட் (சேமித்த மாற்றம்) அங்கே இருக்கும்" என்ற குறிப்பு எவ்வளவு பெரிய உதவி! அதில் வெர்ஷன் இல்லை, தேதி இல்லை. உங்கள் விதிப்படி அதுவும் போக வேண்டும். கமிட் செய்யாத மாற்றங்கள் ரீஃப்லாக்கில் கிடைக்காது என்று ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

பழைய_ஜாவா:
மலர், எழுதியவர் கெட்டிக்காரராக இருந்தாலும் சிக்கல் வரும். ஜாவாவில் பைட் எண்ணிக்கையைக் கேபி, எம்பி என்று படிக்கிற மாதிரி மாற்றும் ஸ்னிப்பெட் ஒன்று, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010-ல் வந்தது. கிட்ஹப் தளத்தின் ரெப்போக்களை (நிரல் களஞ்சியங்களை) அலசி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கிருந்து அதிகம் காப்பி ஆன ஜாவா ஸ்னிப்பெட் அதுதான் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே எழுதியவர் அதில் பக் இருப்பதாக அவராகவே விளக்கி எழுதினார். 999,999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வர வேண்டும். வந்ததோ 1000.0 கேபி. கேபியா எம்பியா என்பதை லாகரிதம் வைத்து முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அச்சிடும்போது முழுமையாக்கியதால் வந்த வினை.

அவர் தன் பதிலைத் திருத்திவிட்டார். ஆனால் காப்பி ஆனவற்றுக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேராதே! எடுத்த நிரலுக்கு மேலே ஒரு கமெண்டில் லிங்க் இருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். அங்கே உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை, எடுத்தவர் மூலத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இருக்கிறது.

மலர்_டெவ்:
சார், நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. வெர்ஷன், தேதி, லிங்க் எல்லாம் போட்டு வைத்திருந்தாலும் அந்தப் பக் கார்த்தி விதியில் தேறியிருக்கும். விளிம்பில் உள்ள எண்ணை ஒருவர் போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

பழைய_ஜாவா:
பிடிபட்டிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பிடிபட்ட பிறகு திருத்தம் வந்து சேர வழி வேண்டும் என்கிறேன். லிங்க்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யாழ்_நிரல்:
கார்த்தி அண்ணா, தேதியைவிட முக்கியமான ஒன்று உங்கட பட்டியலில் இல்லை. எந்த உள்ளீட்டைக் கொடுத்துப் பார்த்தது? நீளமான தலைப்பை வெட்ட ஸ்லைஸ் (முதலில் இத்தனை எழுத்தை மட்டும் எடுப்பது) போடச் சொல்லும் குறிப்பு எங்கட களஞ்சியத்திலும் இருக்கு. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழுக்கு? 'நிலா' கண்ணுக்கு இரண்டு எழுத்து, பைத்தானில் நீளம் கேட்டால் 4 என்று வரும். ந, இகரக் குறி, ல, ஆகாரக் குறி என்று நாலு. மூன்றில் வெட்டினால் 'நில', ஒன்றில் வெட்டினால் வெறும் 'ந'. தலைப்பின் கடைசி எழுத்து குறியை இழந்து நிற்கும். செய்திச் செயலியில் இப்படிப் போனால் வாசிக்கிறவர் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்டிஎல் செக்மென்டர்' என்ற வசதி எழுத்தையும் குறியையும் சேர்த்தே சரியாகப் பிரித்துத் தரும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் அது 125-ஆம் வெர்ஷனில், 2024-ல்தான் வந்தது. ஆக, வெர்ஷனும் சில இடத்தில் தேவைதான் மலர் அக்கா. எல்லா இடத்திலும் இல்லை.

கார்த்தி_பைத்தான்:
சரி, நீக்குவதை விட்டுவிடுகிறேன். வேறு இடத்திலிருந்து எடுத்தது என்றால் லிங்க் கட்டாயம். என்ன கொடுத்து ஓட்டினோம் என்று ஒரு வரி. வெர்ஷன் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் பாஸ்வேர்ட், சான்றிதழ், ஃபைல் அனுமதி தொடர்பான குறிப்பை இன்னொருவர் பார்க்காமல் போடக் கூடாது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஎச்மாட் 777' போட்டால் ஓடும் என்ற குறிப்பைக் கேள்வி கேட்காமல் விட என்னால் முடியாது.

மலர்_டெவ்:
லிங்க்கும் உள்ளீட்டு வரியும் எனக்குச் சம்மதம். இன்னொருவர் பார்ப்பதுதான் இடிக்கிறது. யார் பார்ப்பது? வேலைநாளில் ஒரு வாரம் கிடப்பில் கிடந்தால் எழுதியவருக்கே ஆர்வம் போய்விடும். 'சரிபார்க்கவில்லை' என்று மேலே பெரிதாக எழுதி உடனே வெளியிடுவோம், பார்த்த பிறகு அதை எடுப்போம்.

கார்த்தி_பைத்தான்:
மற்றவற்றுக்கு அப்படியே செய்யலாம். பாதுகாப்புக் குறிப்புகளுக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, எச்சரிக்கையைத் தாண்டிப் போய் வரியை மட்டும் காப்பி அடிப்பார்கள். அந்த 'வெரிஃபை' குறிப்பை இப்போதே திருத்துகிறேன். மலர், நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.