சம்பளம் எங்க போகுதுன்னே தெரியல, விளம்பரத்த குத்தம் சொல்லலாமா இல்ல நான்தான் லூசா?

காட்கோபர்_பையன்:
மும்பை வந்து மூணு வருஷம் ஆச்சு, காட்கோபர்ல ரெண்டு பசங்களோட ரூம், ஆபீஸ் அந்தேரி, மெட்ரோல போயிட்டு வரேன். கைக்கு 56 ஆயிரம் வருது. ஊருக்கு அம்மாவுக்கு 15, வாடகையில என் பங்கு 12, தண்ணி கிடையாது தம் கிடையாது, ஆனாலும் 20ஆம் தேதி ஆனா பேலன்ஸ் பாக்கவே பயமா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை மூணு மாச ஸ்டேட்மென்ட்ட எடுத்து உக்காந்தேன். பத்து நிமிஷ டெலிவரி ஆப்ல மட்டும் 61 ஆர்டர், முக்காவாசி ராத்திரி பத்தரைக்கு மேல. பால் பாக்கெட் வாங்கத்தான் உள்ள போவேன், இன்னும் 70 ரூபாய்க்கு வாங்குனா டெலிவரி ஃப்ரீன்னு காட்டும், 25 ரூபா மிச்சம் புடிக்கறேன்னு சிப்ஸு ஐஸ்க்ரீம்னு 110 ரூபாய்க்கு ஏத்தியிருப்பேன், அப்ப சாமர்த்தியம் பண்ண மாதிரிதான் இருக்கும். சேல்ல 'இன்னும் 2 மணி நேரம்தான்'னு கடிகாரம் ஓடுச்சுன்னு ஒரு ஏர் ஃப்ரையர் வாங்குனேன், மொத்தம் ரெண்டு தடவ போட்டிருப்பேன், இப்ப ரூம்மேட் அதுமேல ஹெல்மெட் வைக்கறான். 60 ஆயிரம் ரூபா போன் ஒண்ணு, ஆறு மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ.

விளம்பரம் பாத்து மயங்குற ஆளு நான் இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன், வீட்டுல டிவியே இல்ல. இத எப்படி நிறுத்தறது? பட்ஜெட் போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, எக்ஸெல் ஷீட் நாலு கெடக்கு.

சயான்_கோலிவாடா:
தம்பி, மொதல்ல அந்த ஈஎம்ஐ. மாசம் பத்தாயிரம் அங்கயே போகுது, அத நீ செலவுக் கணக்குலயே எழுதல பாத்தியா, அதான் அதோட வேலையே. நோ காஸ்ட்னா பேங்க் வட்டி போடாதுன்னு அர்த்தம் இல்ல, வட்டி உண்டு, அந்த வட்டி அளவுக்கு விலையில முன்னாடியே தள்ளுபடி குடுத்து சரிக்கட்டுவாங்க. வருஷத்துக்கு 15% வச்சா உனக்கு ஆறு மாசத்துக்கு வட்டி 2,500 சொச்சம் வரும், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 450 ரூபா உன் தலையில, ப்ராசஸிங் ஃபீஸ் இருந்தா அது தனி. இது பெரிய காசு இல்லதான். ஆனா மொத்தமா 60 ஆயிரம் எண்ணிக் குடுன்னு சொல்லியிருந்தா நீ 20 ஆயிரம் ரூபா போனோட வந்திருப்ப. கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டுற பழக்கம் இருந்தா அத இன்னைக்கே விடு, மிச்சத்துக்கு வட்டி மாசம் மூணரை சதவீதம்னா வருஷத்துக்கு 42, நம்ம ஊர் கந்து வட்டியே கிட்டத்தட்ட அதான்.

அந்த ஓடுற கடிகாரம் உண்மையா இருந்தா தப்பில்ல. சேல் முடிஞ்ச மறுநாளும் அதே விலைன்னா அது பொய் அவசரம். 2023 நவம்பர்ல மத்திய அரசு, ஆளை ஏமாத்தி வாங்க வைக்கற ஆப் வித்தைங்களுக்கு டார்க் பேட்டர்ன்னு பேர் வச்சு 13 வித்தைய பட்டியல் போட்டு தடை பண்ணுச்சு, இது அதுல ஒண்ணு. நீ கேக்காமலே கூடையில ஒரு பொருள சொருகறது, கடைசி ஸ்க்ரீன்ல புதுசா ஒரு கட்டணம் மொளைக்கறது, ரெண்டும் அதுல இருக்கு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு புகார் குடுக்கலாம். நான் ஒரு தடவ குடுத்து 149 ரூபா திரும்ப வாங்கியிருக்கேன், அரை நாள் போச்சு, பரவால்ல.

தாராவி_90அடிரோடு:
எங்கப்பா திருநெல்வேலியிலருந்து வந்து இங்க மளிகைக்கடை போட்டவரு, நான் கல்லாவுல வளந்தவன், அதனால விக்கறவன் பக்கத்துலருந்து சொல்றேன். டிவி இல்லன்னா விளம்பரம் இல்லன்னு யாரு சொன்னா, 'இன்னும் 70 ரூபா'ங்கற அந்த ஒரு வரிதான் உனக்கான விளம்பரம். சில்லறையா கேட்டா யாருக்கும் வலிக்காது, இத கண்டுபுடிச்சதே நம்மாளுங்க. ஷாம்பு பாட்டில்ல மட்டும் வந்த காலத்துல அத சின்ன பாக்கெட்ல அடைச்சு வித்தது கடலூர்க்காரங்க. அந்த வீட்டுப் பையன் 1983ல 15 ஆயிரம் ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு, எந்த கம்பெனி காலி பாக்கெட்டா இருந்தாலும் அஞ்சு குடுத்தா ஒரு சிக் இலவசம்னாரு, ஜனம் பழகினதும் சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும்னு மாத்திட்டாரு. தொழில் மூளைன்னா அது. இன்னைக்கும் எங்க கடையில பாட்டில் தூசி புடிச்சு நிக்கும், சரம் சரமா தொங்குறதுதான் போகும். உன்னோட 61 ஆர்டரும் அந்த சரம்தான், ஒண்ணு ஒண்ணா கிழிக்கற. ஒரே வித்தியாசம், எங்கப்பா 'போன வாரந்தான வாங்குன, அதுக்குள்ளயா'ன்னு கேப்பாரு. ஆப் கேக்காது.

விரார்_ஃபாஸ்ட்:
எல்லாரும் ஆப்ப திட்டறீங்க. ஏழே முக்கா வண்டியில தொங்கிட்டு வந்து விரார்ல எறங்கறப்ப ஒம்பதரை, அதுக்கப்புறம் எந்த கடைக்குப் போய் பேரம் பேசறது? அவன் பத்தரைக்கு ஆர்டர் போடறான்னா ஆசையில இல்ல, அசதியில. நானும் அப்படித்தான். ஞாயித்துக்கிழம மத்தியானம் நான் ஒரு தடவ கூட சிப்ஸ் ஆர்டர் போட்டதில்ல.

மாட்டுங்கா_மாமி:
விரார் சொல்றது வாஸ்தவம். அப்போ வைத்தியமும் அந்த பத்தரை மணிக்குத்தானே பண்ணணும். கண்ணா, போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கற கார்டு நம்பரை அழிச்சுடு, நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணு, பாலும் பிரெட்டும் கார்த்தால பால்காரன் போடட்டும். நான் ஒரு டைரி வச்சிருக்கேன், என்ன வேணும்னு தோணினாலும் தேதி போட்டு எழுதுவேன், ஒரு வாரம் கழிச்சும் வேணும்னு இருந்தா வாங்கிப்பேன். பாதி ஐட்டம் எதுக்கு எழுதினேன்னே ஞாபகம் இருக்காது. ஒரு தடவை 'பச்சை, பெருசு'ன்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன், இன்னி வரைக்கும் அது என்னன்னு தெரியலை. அட்சய திரிதியைக்கு மட்டும் இந்த டைரி செல்லாது, அதை சொல்லிடறேன்.

காட்கோபர்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. கார்டு நம்பர அழிச்சுட்டேன். நேத்து ராத்திரி கை தன்னால போச்சு, நம்பர் அடிக்கணும்னா பர்ஸ் வேணும், பர்ஸ் பையில, பை ரூம்மேட் தலைமாட்டுல, அவன் தூங்கறான். விட்டுட்டேன், தண்ணி குடிச்சுட்டு படுத்தேன். அண்ணே, ஈஎம்ஐ இன்னும் நாலு மாசம் இருக்கு, அது முடிஞ்சா சொல்றேன்.

மாட்டுங்கா_மாமி:
சமர்த்து. அந்த ஏர் ஃப்ரையர் எத்தனை லிட்டர்? சும்மாதானே கிடக்கு, என்ன விலைக்கு தருவே?

தாராவி_90அடிரோடு:
மாமி, டைரி.