நெடுநடைத்தடத்தின் இருபுற நிலம்: ஒரு சொல் வேண்டும்

> யானை வழித்தடம் என்கிறோமே, அந்த 'வழித்தடம்' இதற்கும் ஆகாதா?

ஆகாது ஐயா. வழித்தடம் என்றால் விலங்கு போய்வரும் வழி; அங்கே மனிதர்தான் ஒதுங்க வேண்டும். இங்கே நெடுநடைத்தடத்தை, அதாவது மனிதர் நாள்கணக்கில் நடந்து போகும் நீண்ட தடத்தைச் சாக்காக வைத்து, காடுகளுக்கு நடுவே விடுபட்ட நிலத்தைக் காக்கிறார்கள்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்னின் கட்டாடின் வரை 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கி.மீ. கிரேட் ஸ்மோக்கி, ஷெனான்டோவா தேசியப் பூங்காக்களையும் பல தேசியக் காடுகளையும் ஒரே சரமாகக் கோக்கிறது. 1937இல் தடம் முழுமை பெற்றாலும் பல இடங்களில் அது தனியார் நிலத்தில், உரிமையாளர் தயவில் கிடந்தது. நிலம் கைமாறி வேலி விழுந்தால், தடம் தார்ச்சாலைக்கு இறங்கும். 1968இன் தேசியத் தடங்கள் சட்டம், தடத்துக்காக மைலுக்கு 25 ஏக்கர் வரைதான் கட்டாயமாகக் கையகப்படுத்த விட்டது. கணக்குப் போட்டால் அகலம் சுமார் 63 மீட்டர். பக்கத்து மனைப்பிரிவை மறைக்கவே காணாது. 1978 திருத்தம் அதை 125 ஏக்கராக்கியது, அதாவது சுமார் 314 மீட்டர். பெயர் வேண்டியது இந்த அகலத்துக்கு. கால் படும் மண்ணுக்கு 'மிதிதடம்' போதும். இதற்குக் 'காப்புப்பட்டை' என்கிறேன்.

—

> காப்புப்பட்டை

வழிகாட்ட மரத்தில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டுகிறார்கள். மரப்பட்டைமேல் வெள்ளைப் பட்டை, அதைச் சுற்றிக் காப்புப்பட்டை! கையேடு எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். 'காப்புநிலம்' என்றால் நாமறிந்த காப்புக்காட்டோடு இனம் சேரும்.

—

இனம் சேர்கிறது, உண்மை. ஆனால் காப்புநிலம் துண்டு துண்டாகவும் இருக்கலாம். இங்கே நடுவில் ஒரு பண்ணை விட்டுப்போனாலும் கோத்த சரம் அறுந்துவிடும். ஆகவே 'தொடர்நிலம்'.

மிதிதடத்தையும் இதையும் பிரித்தே வைக்க வேண்டும். இரண்டும் கெடும் விதமே வேறு. மிதிதடத்துக்குப் பகை தண்ணீர்: அதன் ஏற்றச் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டினால், நீர் குறுக்கே வடியாமல் தடத்தோடே ஓடி மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். தொடர்நிலத்துக்குப் பகை எல்லையில்: நகர்ந்து வரும் வேலி, திருட்டு மரவெட்டு, புதிதாகப் பதிந்த வண்டித்தடம். மண்வெட்டியோடு போகும் குழு இதைக் கவனிக்காது. எல்லைக்கல் பார்த்து நடக்கத் தனி ஆள் வேண்டும்.

'உயிரினத் தொடர்நிலம்' என்று அடைமொழி மட்டும் சேர்க்காதீர்கள். 300 மீட்டர் அகலத்தில் இருபுறமும் வெயிலும் காற்றும் உள்ளே புகும். அடர்காட்டை நம்பிய உயிர்களுக்கு நடுவில் மிச்சமாகும் இடம் கொஞ்சம். பூட்ஸ் அடியில் களைவிதை வேறு வரும்.

சொற்பட்டியலில் உள்ளீடு இப்படி இருக்கட்டும்:

தொடர்நிலம்: நெடுநடைத்தடத்தின் இருபுறமும், காப்புப் பகுதிகளை இடைவிடாமல் இணைக்கும்படி வாங்கியோ உரிமை ஒப்பந்தத்தாலோ காக்கப்படும் நிலம். எ-கா: 'மிதிதடம் சரிந்ததால், தொடர்நிலத்துக்குள்ளேயே மேற்கே தள்ளிப் புதிதாக வெட்டினர்.'